பதினெட்டுப் பென்ஸ் ரூபாயும் எங்க ஊர்க் காசுமாலைகளும்

பிச்சாட்டூர் என்றால் உங்களில் பலருக்கு ஊர் ஞாபகம் வராது, செய்திதான் ஞாபகம் வரும். ஐப்பசி, கார்த்திகையில் நாலு நாள் சேர்ந்தாற்போல மழை அடித்தால் சென்னைப் பேப்பர்களில் ஒரு மூலையில் வரும்: பிச்சாட்டூர் ஏரி திறப்பு, ஆரணியாற்றுக் கரையோர மக்களுக்கு எச்சரிக்கை. ஏரி ஆந்திராவில் இருக்கிறது. தண்ணீர் வந்து நிற்பது தமிழ்நாட்டில். ஊத்துக்கோட்டைத் தரைப்பாலம் மூழ்கிப் போக்குவரத்து நின்ற வருஷங்கள் எத்தனையோ. ஷட்டரைத் திருகுகிறவர் ஒரு மாநிலம், முழங்கால் தண்ணீரில் நடக்கிறவர் இன்னொரு மாநிலம்.

நான் அந்த ஏரிப் பக்கத்து ஆள். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, கல்யாணப் பத்திரிகையில் இரண்டும். 1953 அக்டோபர் வரை சென்னை ராஜதானி, அதற்கப்புறம் ஆந்திரா. சித்தூர் மாவட்டம் என்று எழுதிப் பழகிய கையை 2022-ல் திருப்பதி மாவட்டம் என்று மாற்றி எழுதச் சொன்னார்கள். ஊர் நகரவில்லை, விலாசம்தான் நகர்ந்துகொண்டே இருக்கிறது.

இங்கே நம் ஆட்கள் நாலு பேர் வார இறுதியில் சேர்ந்தால் பேச்சு இரண்டு விஷயத்தில் வந்து நிற்கும். ஒன்று வீட்டுக் கடன் வட்டி, இன்னொன்று டாலருக்கு எத்தனை ரூபாய். 2022 மார்ச்சில் பூஜ்யத்தை ஒட்டி இருந்த வட்டியை அமெரிக்க மத்திய வங்கி 2023 ஜூலைக்குள் ஐந்தேகாலுக்கு மேல் கொண்டுபோனபோது, 3 சதவீதத்தில் வீடு வாங்கியவர்கள் சிரித்தார்கள், 7 சதவீதத்தில் வாங்கியவர்கள் முறைத்தார்கள். யாரோ பன்னிரண்டு பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து கையைத் தூக்கினால் என் சம்பளத்தில் ஓட்டை விழுகிறதே, இது எப்படி என்று ஒரு நண்பர் கேட்டார். அவருக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். எழுதும்போது எங்க ஊர்க்கதையாக மாறிவிட்டது. கொஞ்சம் நீளம்தான், காபி எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

முதலில் ஏரிக்கணக்கு. மத்திய வங்கியின் கையில் சில ஷட்டர்கள் உண்டு. ஒன்று, வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் குறுகிய காலக் கடனுக்கு என்ன வட்டி என்பது. இந்தியாவில் முன்பு 'பேங்க் ரேட்' என்றார்கள், இப்போது 'ரெப்போ'. அதை ஏற்றினால் வங்கிக்குப் பணம் விலையேறும், வங்கி நமக்கு ஏற்றும், நாம் வீடும் காரும் வாங்குவதைத் தள்ளிப்போடுவோம், கடைக்காரர் விலையை ஏற்ற யோசிப்பார். இரண்டாவது, வங்கிகள் வாங்கும் டெபாசிட்டில் ஒரு பங்கைத் தன்னிடம் முடக்கி வைக்கச் சொல்வது (சி.ஆர்.ஆர்.). மூன்றாவது, அரசுக் கடன் பத்திரங்களைச் சந்தையில் வாங்குவது, விற்பது. வாங்கினால் பணம் வெளியே வரும், விற்றால் உள்ளே போகும். நாலாவதாக அந்நியச் செலாவணி: தன் நாணயம் வெளிநாட்டு நாணயத்துக்கு எதிராக எங்கே நிற்க வேண்டும் என்று பிடித்து வைப்பது. இந்த நாலாவதைப் பிடித்தால் மற்ற மூன்றையும் அதற்குத் தோதாகத் திருப்பியாக வேண்டும். எங்க ஊர்க்கதை இந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது.

1920-களில் இந்தியாவுக்கு மத்திய வங்கியே கிடையாது. நோட்டு அடிப்பது அரசாங்கம், பெரிய வங்கி என்றால் 1921-ல் மூன்று மாகாண வங்கிகளைச் சேர்த்து உண்டாக்கிய இம்பீரியல் வங்கி, இரண்டுக்கும் மேலே லண்டனில் இந்தியா மந்திரி. ரூபாய்க்கு எத்தனை பென்ஸ் என்பதே அன்றைக்குப் பணக்கொள்கை. முதல் உலகப் போர் வரை பல வருஷம் ஒரு ரூபாய் 16 பென்ஸ், அதாவது 1 ஷில்லிங் 4 பென்ஸ். போருக்குப் பிறகு எல்லாம் குழம்பி, 1920-ல் 2 ஷில்லிங் என்று அறிவித்து, அதைக் காப்பாற்ற முடியாமல் கையைச் சுட்டுக்கொண்டார்கள். அப்புறம் ஹில்டன் யங் தலைமையில் ஒரு கமிஷன். அம்பேத்கர் கூட அதன் முன் போய் சாட்சியம் சொன்னார். ரூபாய்ப் பிரச்சினையைப் பற்றி ஏற்கெனவே 1923-ல் அவர் புத்தகம் எழுதியிருந்தார். 1926-ல் கமிஷன் சொன்னது: ரூபாய் இனி 18 பென்ஸ், அதாவது 1 ஷில்லிங் 6 பென்ஸ். உறுப்பினர்களில் ஒருவரான பம்பாய் வியாபாரி புருஷோத்தம்தாஸ் தாகூர்தாஸ் மட்டும் 16 பென்ஸ்தான் சரி என்று மாற்றுக் கருத்து எழுதிக் கொடுத்தார். 1927-ல் சட்டசபையில் பெரிய சண்டை நடந்து, சொற்ப வாக்கு வித்தியாசத்தில் 18 பென்ஸ் ஜெயித்தது.

இரண்டு பென்ஸுக்கு இத்தனை ரகளையா? கணக்குப் போட்டுப் பாருங்கள். 16 பென்ஸ் என்றால் ஒரு பவுண்டுக்கு 15 ரூபாய். 18 பென்ஸ் என்றால் ஒரு பவுண்டுக்கு 13 ரூபாய் 5 அணா 4 பைசா. சென்னை ராஜதானியின் வேர்க்கடலை கப்பலேறி பிரான்சின் மார்செய் துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. அங்கே ஒரு பவுண்டு விலை கிடைத்த சரக்குக்கு இங்கே 15 ரூபாய் வர வேண்டிய இடத்தில் பதிமூன்றே சொச்சம் வரும். கிஸ்து குறையாது. வட்டி குறையாது. சித்தூர்ச் சீமையில் கடலை போட்டவன், தன் நிலத்தில் எதுவும் மாறாமலே ஒன்பதில் ஒரு பங்கை இழந்தான்.

லாபம் யாருக்கு? லங்காஷயர் துணி இறக்குமதிக்கு. லண்டனில் பென்ஷனும் வட்டியும் பவுண்டில் கட்ட வேண்டிய இந்திய அரசாங்கத்துக்கு. சம்பளத்தில் மிச்சம் பிடித்து இங்கிலாந்துக்கு அனுப்பும் வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு. இந்த மூன்றாவது ஆளை நாம் சட்டென்று புரிந்துகொள்வோம், ஏனென்றால் அவர்கள் நம் கண்ணாடி பிம்பம். அவர்களுக்கு ரூபாய் ஏறினால் கொண்டாட்டம், நமக்கு இறங்கினால் கொண்டாட்டம் :-) ரூபாய் விழுந்த அன்றைக்கு ஊருக்குப் பணம் அனுப்ப ஓடுகிற நாம், அதே நாளில் ஊரில் சமையல் கேஸும் எண்ணெயும் யார் தலையில் விழுகிறது என்று கேட்பதில்லை.

18 பென்ஸைச் சட்டமாக்கினால் மட்டும் போதாது, தாங்கிப் பிடிக்கவும் வேண்டும். ரூபாய் தளரும் போதெல்லாம் புழக்கத்தில் இருந்த ரூபாயை உறிஞ்சி எடுத்தார்கள். நோட்டைக் குறைத்தார்கள், அரசுக் கடன் பத்திரத்தை நல்ல வட்டிக்கு விற்றுப் பணத்தை உள்ளே இழுத்தார்கள். 1929-ல் உலகப் பெருமந்தம் வந்தபோது வேறு நாடுகளாக இருந்தால் ஷட்டரைத் திறந்திருக்கும். இங்கே இறுக்கினார்கள். இம்பீரியல் வங்கியின் வட்டி 1931 செப்டம்பரில் 8 சதவீதம் வரை போனது. விலை சரிந்துகொண்டிருக்கும் காலத்தில் 8 சதவீதம் என்பது கொடுமை. கல்கத்தா மொத்த விலைக் குறியீடு (1914 = 100) 1929-ல் 141. அது 1933-ல் 87.

'விலை இறங்கினால் நல்லதுதானே' என்று தோன்றும். சம்பளக்காரனுக்கு நல்லதுதான். கடன்காரனுக்குத்தான் எமன். ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம்: 1928-ல் ஒருவன் 100 ரூபாய் கடன் வாங்கினான், அன்றைக்கு அது 20 மூட்டை நெல். 1933-ல் நெல் பாதி விலை. கடன் அதே 100 ரூபாய், ஆனால் இப்போது 40 மூட்டை. அவன் கூடுதலாக ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை. இதில் வட்டி வேறு. நூற்றுக்கு மாசம் ஒரு ரூபாய் என்பது மரியாதையான வட்டி, ஒண்ணரையும் இரண்டும் சாதாரணம். புரோநோட்டு மூன்று வருஷத்தில் காலாவதியாகும் என்பதால் மூன்றாம் வருஷம் வட்டியை அசலோடு சேர்த்துப் புது நோட்டு எழுதி வாங்குவார்கள். எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் அப்படி ஒன்றுக்கு மாற்றாக எழுதிய இன்னொன்று என்று இரண்டு கிடந்தன. ஓரத்தில் கொள்ளுத் தாத்தாவின் கட்டைவிரல் ரேகை. அவர் 18 பென்ஸைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பே இல்லை.

சென்னை மாகாண வங்கி விசாரணைக் குழு 1930-ல் மாகாணத்தின் கிராமக் கடன் 150 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. 1935-ல் சத்தியநாதன் என்ற அதிகாரி விசாரித்து எழுதிய அறிக்கையில் அது 200 கோடி. விளைச்சலின் விலை பாதியாகி, கடன் மூன்றில் ஒரு பங்கு ஏறியிருக்கிறது.

இனி தங்கம். 1927 சட்டப்படி ஒரு தோலா சுத்தத் தங்கத்துக்கு அரசாங்கம் கொடுக்கும் விலை 21 ரூபாய் 3 அணா 10 பைசா. 1931 செப்டம்பர் 21-ம் தேதி பிரிட்டன் தங்கத்தோடு இருந்த முடிச்சை அவிழ்த்துவிட்டது. டில்லியில் வைஸ்ராய் வில்லிங்டனும் அவருடைய சபையும் ரூபாயைப் பவுண்டிலிருந்தும் விடுவித்துவிட வேண்டும் என்று மன்றாடினார்கள், ராஜினாமா வரை பேச்சுப் போனது. லண்டன் கேட்கவில்லை. பவுண்டோடு கட்டிய அதே 18 பென்ஸில் ரூபாயை வைத்தார்கள். பவுண்டு தங்கத்துக்கு எதிராகச் சரிய, ரூபாயும் கூடவே சரிய, இந்தியாவில் தங்கத்தின் ரூபாய் விலை சில மாதங்களில் 30 ரூபாயை ஒட்டி வந்துவிட்டது.

அப்போதுதான் ஊர் ஊராகக் கழுத்துகள் காலியாயின. நெல் விலை கிடையாது, கடலை விலை கிடையாது, கிஸ்துக்கு அமீனா வந்து நிற்கிறான், விலை ஏறியிருப்பது ஒரே ஒரு பொருள்தான், அது பெண்களின் கழுத்தில் இருக்கிறது. எங்க ஆயா சொல்லும், அதன் மாமியாரின் காசுமாலை புத்தூர் சேட்டுக் கடைக்குப் போனது அப்போதுதான் என்று. மாட்டு வண்டியில் போனார்களாம், வரும்போது யாரும் பேசவில்லையாம். அந்தக் காசுமாலை புத்தூரில் தங்கியிருக்காது. உருக்கி, பம்பாய் போய், கப்பலேறி லண்டன் போயிருக்கும். ஏற்றுமதியைத் தடுங்கள் என்று காங்கிரஸ்காரர்களும் வியாபாரிகளும் கத்தினார்கள், அரசாங்கம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1931-லிருந்து 1938 வரை இந்தியாவிலிருந்து வெளியேறிய தங்கம் சுமார் 300 கோடி ரூபாய். பிரிட்டன் அமெரிக்காவிடமும் பிரான்சிடமும் வாங்கியிருந்த கடனை 1932-ல் அடைக்க இந்தத் தங்கம் கை கொடுத்தது. இந்தியாவில் வட்டியும் இறங்கியது: 8-லிருந்து படிப்படியாக 1933 பிப்ரவரியில் மூன்றரைக்கு. சுருக்கமாகச் சொன்னால் 18 பென்ஸைக் காப்பாற்றியது லண்டனின் சாமர்த்தியம் அல்ல, காசுமாலைகள்தான்.

இதை 'லாபம் பார்த்து விற்றார்கள்' என்று அன்றைய அதிகாரிகள் சொன்னதுண்டு. சில பேர் அப்படி விற்றிருக்கலாம், பட்டணத்தில். எங்க பக்கத்தில் தங்கம் விற்றவன் மறுபடி தங்கம் வாங்க ஒரு தலைமுறை ஆனது.

இந்தக் கதையில் நம்மைப் போல வெளியே போனவர்களும் இருந்தார்கள். பர்மாவில் நகரத்தார் லேவாதேவி நடத்திக்கொண்டிருந்தார்கள். அரிசி விலை விழுந்ததும் பர்மிய விவசாயிகளால் கடன் கட்ட முடியவில்லை, அடமானம் வைத்த நிலம் கடன் கொடுத்தவர் கைக்கு வந்தது. கீழ்பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் 6 சதவீத நிலம் நகரத்தாரிடம் இருந்தது, 1938-ல் 25 சதவீதம். அவர்கள் நிலம் கேட்டுப் போனவர்கள் அல்ல, வட்டி கேட்டுப் போனவர்கள். வேண்டாத நிலம் வந்து சேர்ந்தது, கூடவே ஒரு நாட்டின் கோபமும் வந்தது. 1930-லும் 1938-லும் ரங்கூனில் இந்தியர்களுக்கு எதிராகக் கலவரம். மலேயாவில் ரப்பர் விலை படுத்ததும் ஒரு லட்சத்துக்கும் மேல் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களைக் கப்பலேற்றி ஊருக்கே அனுப்பிவிட்டார்கள். ஊரில் ஏற்கெனவே பிழைப்பு இல்லை. இப்போது நாம் 'லே-ஆஃப்', 'விசா' என்று புலம்பும்போதெல்லாம் எனக்கு அந்தக் கப்பல்கள் ஞாபகம் வரும்.

1937-ல் சென்னையில் ராஜாஜி மந்திரிசபை. பணத்தின் மதிப்பை மாற்றும் அதிகாரம் மாகாண அரசுக்குத் துளியும் கிடையாது. ஆகவே அவர் கடனின் அளவையே மாற்றினார். 1938-ம் வருஷத்து 4-ம் நம்பர் சட்டம், சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம். 1932 அக்டோபர் 1-க்கு முன் வாங்கிய கடனா? 1937 அக்டோபர் 1 அன்று பாக்கி நின்ற வட்டி முழுக்கத் தள்ளுபடி. அசலைப் போல இரண்டு மடங்கு ஏற்கெனவே கட்டியாகிவிட்டதா? கடனே தீர்ந்தது. அதற்குப் பின் வாங்கியதா? 5 சதவீதத் தனிவட்டி மட்டும். இனிமேலைக்கு ஆறேகால் சதவீதம். லண்டன் திருகிய ஷட்டரைத் திருப்ப முடியாதவர் கரையில் மணல் மூட்டை அடுக்கினார் என்று சொல்லலாம். பலன் இரண்டு பக்கமும். பழைய கடன் இறங்கியது உண்மை. புதிதாகக் கேட்டால் கடன் கொடுக்க ஆள் இல்லாமல் போனதும் உண்மை. கிராமத்துப் பணம் பட்டணத்தைப் பார்த்து நகர்ந்தது என்று தமிழ்நாட்டுக் கிராமப் பொருளாதாரத்தை ஆராய்ந்த கிறிஸ்டோபர் பேக்கர் எழுதியிருக்கிறார்.

இதற்கிடையில்தான் ரிசர்வ் வங்கி பிறந்தது. ஹில்டன் யங் கமிஷன் சொன்ன யோசனையே, 1934-ல் சட்டமாகி 1935 ஏப்ரல் 1 அன்று கதவு திறந்தது. மூலதனம் 5 கோடி, எல்லாம் தனியார் பங்குதாரர்கள். பம்பாய், கல்கத்தா, டில்லி, சென்னை, ரங்கூன் என்று ஐந்து பதிவேடு. ரங்கூன் இருப்பதைக் கவனியுங்கள், 1947 வரை பர்மாவுக்கும் இதுதான் மத்திய வங்கி. முதல் கவர்னர் ஆஸ்பர்ன் ஸ்மித், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வங்கியாளர். 1935 நவம்பரில் பேங்க் ரேட்டை 3 சதவீதத்துக்கு இறக்கினார். 18 பென்ஸ் அதிகம், இறக்க வேண்டும் என்பது அவர் கட்சி. நிதி உறுப்பினர் ஜேம்ஸ் கிரிக்குக்கு அது ஆகாது. இரண்டு பேருக்கும் முட்டிக்கொண்டு 1937 நடுவில் ஸ்மித் போய்விட்டார். அவர் இறக்கிய 3 சதவீதம் மட்டும் 1951 நவம்பர் வரை, பதினாறு வருஷம், அசையாமல் நின்றது. இப்போது இரண்டு மாசத்துக்கு ஒரு தரம் வட்டிக் கூட்டம் என்று டி.வி.யில் பரபரக்கிறார்கள்.

அப்புறம் இரண்டாம் போர். இந்த முறை ஷட்டரை முழுக்கத் திறந்தார்கள், அதுவும் நமக்காக இல்லை. பிரிட்டன் போருக்காக இந்தியாவில் சாமான் வாங்கியது, விலையை லண்டனில் பவுண்டாக வரவு வைத்தது, அந்தப் பவுண்டைக் காட்டி ரிசர்வ் வங்கி இங்கே ரூபாய் நோட்டு அடித்தது. 1939-ல் சுமார் 180 கோடியாக இருந்த நோட்டுப் புழக்கம் 1945-ல் சுமார் 1,200 கோடி. விலைவாசி இரண்டு மடங்குக்கு மேல். 1942-ல் பர்மா அரிசியும் நின்றது. 1943-ல் வங்காளத்தில் நடந்ததை நான் சொல்லத் தேவையில்லை. போர் முடிந்தபோது பிரிட்டன் இந்தியாவுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி சுமார் 1,700 கோடி ரூபாய். 1944-ல் பிரெட்டன் உட்ஸ் மாநாட்டுக்கு முதல் இந்தியக் கவர்னர் சி.டி. தேஷ்முக்கும் நம் கோயமுத்தூர் ஆர்.கே. சண்முகம் செட்டியாரும் போனார்கள். அங்கே இந்தியத் தரப்பு இந்தப் பாக்கியை எடுத்தது. 'அது எங்களுக்குள் பேசிக்கொள்ளும் விஷயம்' என்ற மட்டில் கெயின்ஸ் முடித்துவிட்டார்.

விலை ஏறினால் 1930-களின் கணக்கு தலைகீழாகும் இல்லையா, 40 மூட்டைக் கடன் மறுபடி 20, 15 என்று இறங்கும். இறங்கியது. 1946-ல் பி.வி. நாராயணசாமி நாயுடு சென்னை அரசுக்காக விசாரித்தார்: மாகாணத்தின் கிராமக் கடன் 1939-ல் 272 கோடி, 1945-ல் 218 கோடி. ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால், கடன் குறைந்தது விற்க விளைச்சல் வைத்திருந்த பெரிய, நடுத்தர நிலக்காரர்களுக்குத்தான். கூலிக்காரர்களின் கடன் ஏறியிருந்தது. அவர்களுக்கு விற்க ஒன்றுமில்லை, அரிசி வாங்கத்தான் வேண்டும். ஷட்டரை மூடினாலும் திறந்தாலும் கடைமடைக்காரனுக்கு ஒரே பதில்.

1949 ஜனவரி 1-ல் ரிசர்வ் வங்கி நாட்டுடைமை ஆனது. ஷட்டர்ச் சாவி லண்டனிலிருந்து பம்பாய் வந்ததா, டில்லி வந்ததா என்பது அடுத்த சண்டை. 1956 கடைசியில் நிதி மந்திரி டி.டி. கிருஷ்ணமாச்சாரி உண்டியல்கள் மீதான ஸ்டாம்ப் வரியை உயர்த்தினார். பார்வைக்கு வரி, நிஜத்தில் ரிசர்வ் வங்கியிடம் கடன் வாங்குவதன் விலையை ஏற்றும் வேலை. அதாவது பேங்க் ரேட்டை மந்திரியே ஏற்றியது போல. கவர்னர் பெனகல் ராமராவ் எதிர்த்தார். ரிசர்வ் வங்கி என் அமைச்சகத்தின் ஒரு பிரிவு என்கிற பாணியில் டி.டி.கே. பேச, பிரதமர் நேருவும் மந்திரி பக்கமே நிற்க, 1957 ஜனவரியில் ராமராவ் ராஜினாமா. ஏழரை வருஷம், இன்று வரை அவர்தான் அதிக காலம் இருந்த கவர்னர். எனக்கு டி.டி.கே.யின் திறமை மேல் மரியாதை உண்டு, ஆனால் இந்த விஷயத்தில் ராமராவ் கட்சிதான். கடன் வாங்குகிற அரசாங்கமே கடனின் விலையையும் வைத்தால் அது விலையா என்ன?

நடுவில் முப்பது வருஷத்தை ஓடித் தாண்டிவிடுகிறேன். அரசாங்கம் செலவு செய்யும், ரிசர்வ் வங்கி 'அட்ஹாக்' பத்திரத்தை வாங்கிக்கொண்டு பணம் கொடுக்கும், பிறகு விலை ஏறுகிறதே என்று வங்கிகளின் டெபாசிட்டை முடக்கும். அவ்வளவுதான் கதை. அந்த அட்ஹாக் பழக்கத்துக்கு முடிவு கட்டும் ஒப்பந்தம் நம் சி. ரங்கராஜன் கவர்னராக இருந்தபோது 1994-ல் கையெழுத்தாகி, 1997-ல் முழுதாக அமலானது. பொருளாதாரப் பாடத்தில் இரண்டு வரிதான் வரும். என்னைக் கேட்டால் 1991 சீர்திருத்தத்துக்குச் சமமான காரியம்.

1991-ஐத் தாண்ட முடியாது, ஏனென்றால் தங்கம் மறுபடி கப்பலேறியது, இந்த முறை விமானத்தில். வளைகுடாப் போர், எண்ணெய் விலை, டில்லியில் நிலையில்லாத அரசு. கையிருப்பு டாலர் சில வாரத்து இறக்குமதிக்குத்தான் காணும். மே மாதம் 20 டன் தங்கத்தை ஸ்டேட் வங்கி மூலம் வெளியே விற்றுப் பணம் திரட்டினார்கள். ஜூலையில் ரிசர்வ் வங்கியின் 46.91 டன்னை இங்கிலாந்து வங்கியிடமும் ஜப்பான் வங்கியிடமும் ஈடு வைத்து 40.5 கோடி டாலர் வாங்கினார்கள். அதே ஜூலை 1-லும் 3-லும் ரூபாய் மதிப்பை இறக்கினார்கள். பேங்க் ரேட் அக்டோபரில் 12 சதவீதம். ஊரில் பெரியவர்கள் அதிர்ந்துபோனது ரூபாய் இறங்கியதற்காக இல்லை. தங்கம் அடகுக்குப் போனதற்காக. அடகு என்றால் என்ன என்று அவர்களுக்குத் தெரியும்.

இதில் நம் பங்கும் உண்டு, யாரும் பெருமையாகச் சொல்வதில்லை. 1990 அக்டோபரிலிருந்து வெளிநாடுவாழ் இந்தியர்கள் டெபாசிட்டை உருவ ஆரம்பித்தார்கள். 1991 ஏப்ரலிலிருந்து ஜூன் வரை மட்டும் வெளியே போனது சுமார் 95 கோடி டாலர். ஈடு வைத்துக் கிடைத்ததைப் போல இரண்டு மடங்குக்கு மேல்! குறை சொல்லவில்லை, பயந்தவன் பணத்தை எடுக்கத்தான் செய்வான். ஆனால் அடுத்த தடவைகளில் நம்மைத்தான் கூப்பிட்டார்கள். 1998-ல் பொக்ரான் சோதனைக்குப் பின் பொருளாதாரத் தடை வந்தபோது 'ரிசர்ஜென்ட் இந்தியா பாண்ட்', டாலருக்கு ஏழே முக்கால் சதவீத வட்டி, 420 கோடி டாலர் சேர்ந்தது. 2000-ல் 'இந்தியா மில்லேனியம் டெபாசிட்', 550 கோடி டாலர்.

2013 இன்னும் சுவாரசியம். அமெரிக்க மத்திய வங்கி பத்திரம் வாங்குவதைக் குறைக்கப்போவதாக மே மாதம் ஒரு வார்த்தை சொன்னது. சொன்னது மட்டும்தான், செய்யக்கூட இல்லை. மே தொடக்கத்தில் 55-ஐ ஒட்டி இருந்த டாலர் ஆகஸ்ட் 28 அன்று 68-ஐத் தாண்டியது. ஷட்டர் மறுபடி வேறு ஊரில்! ஜூலையில் கவர்னர் சுப்பாராவ் வங்கிகளின் அவசரக் கடன் வட்டியை 10.25-க்கு ஏற்றிப் பார்த்தார். செப்டம்பர் 4-ல் பொறுப்பேற்ற ரகுராம் ராஜன், வங்கிகள் நம்மிடம் வாங்கும் டாலர் டெபாசிட்டை ரிசர்வ் வங்கி வருஷத்துக்கு மூன்றரை சதவீதச் செலவில் மாற்றிக்கொள்ளும் என்றார். நவம்பருக்குள் இந்த டெபாசிட் வழியாக மட்டும் 2,600 கோடி டாலர். இங்கே கடன் வாங்கி அங்கே போட்டு வித்தியாசத்தைச் சுருட்டிய கெட்டிக்காரர்களும் நம்மில் உண்டு, யார் என்று கேட்காதீர்கள். 1931-ல் பாட்டிகளின் கழுத்தில் தேடியதை இப்போது பேரன்களின் டாலர் கணக்கில் தேடுகிறார்கள். வித்தியாசம், பேரன்களுக்கு நல்ல வட்டி கொடுத்தார்கள். பாட்டிகளிடம் வட்டி வாங்கினார்கள்.

2016-ல் சட்டத்தைத் திருத்தி, விலைவாசி ஏற்றத்தை 4 சதவீதத்தில் வைப்பதுதான் முதல் வேலை, இரண்டு கூடலாம் குறையலாம் என்று எழுதிவைத்தார்கள். வட்டியைத் தீர்மானிக்க ஆறு பேர் கமிட்டி, ஆளுக்கு ஒரு ஓட்டு, யார் எப்படி ஓட்டுப் போட்டார்கள் என்பது வெளியே வரும். தொடர்ந்து மூன்று காலாண்டு இலக்கு தவறினால் அரசாங்கத்துக்கு விளக்கக் கடிதம் எழுத வேண்டும். 2022-ல் முதல் தடவையாக எழுதினார்கள், கடிதத்தை மட்டும் வெளியிடவில்லை. 1926-ல் தாகூர்தாஸின் மாற்றுக் கருத்தாவது அச்சில் வந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

2024-ல் ஒரு செய்தி வந்தது. இங்கிலாந்தில் வைத்திருந்த தன் தங்கத்தில் 100 டன்னை ரிசர்வ் வங்கி இந்தியாவுக்கு எடுத்து வந்துவிட்டது. ஊருக்குப் போன் செய்தபோது அம்மாவிடம் சொன்னேன். 'வட்டி எவ்வளவு கட்டினாங்களாம்?' என்று கேட்டது அம்மா. இது அடகு வைத்தது இல்லைம்மா, சும்மா பாதுகாப்புக்கு வைத்தது என்றேன். அம்மா நம்பவில்லை.

கொசுறு: முதல் கவர்னர் ஆஸ்பர்ன் ஸ்மித்தின் கையெழுத்து எந்த ரூபாய் நோட்டிலும் கிடையாது. ரிசர்வ் வங்கி தன் பேரில் முதல் நோட்டை, ஐந்து ரூபாய், வெளியிட்டது 1938 ஜனவரியில். கையெழுத்து இரண்டாவது கவர்னர் ஜேம்ஸ் டெய்லருடையது. ஊர் வீட்டுப் பெட்டிகளில் ஆறாம் ஜார்ஜ் படம் போட்ட பழைய ஐந்து ரூபாய் அகப்பட்டால் திருப்பிப் பாருங்கள்.